வந்தவர் லெவன், போனவர் லெவன்

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்சந்தில் எங்கள் லாட்ஜ்.
பதினொன்றுக்கு மேல் மணி அடிப்பது இருநூற்றேழு மட்டும்.
வெந்நீர் கேட்பார்.
காலையில்தான் வரும் என்பேன். சரி என்பார்.
கொஞ்ச நேரத்தில் மறுபடி அடிப்பார்.

கவுன்ட்டர் கம்ப்யூட்டரில்
முந்தின மேனேஜர் விட்டுப்போன கிரிக்கெட் கேம் ஒன்று.
ஆட்டக்காரன் பெயரை அழித்து வேறு பெயர் எழுதலாம்.
தங்கல் பதிவேட்டைப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொள்வேன்.
இன்று அறையில் இருப்பவர்கள் ஒரு லெவன்.
சாவி கொடுத்துப் போனவர்கள் ஒரு லெவன்.
இரண்டு பக்கமும் கம்ப்யூட்டரே ஆடும்,
நான் ஒரு பொத்தானும் தொடுவதில்லை.
டீ குடிப்பேன். கொசு அடிப்பேன்.

அழகர் மலைக்குத் திரும்பி மூன்று நாள்.
பந்தல் பிரிக்கிற சத்தம் தெருக்கோடியில்.
போனவர் லெவனுக்கு ஆள் குவிந்து கிடந்தது,
நாற்பது பேரில் பொறுக்கி எடுத்தேன்.
வந்தவர் பக்கம் ஒன்பதுதான் தேறியது.
கூட்டிப் பெருக்கும் சங்கிலியைப் பத்தாவதாகப் போட்டேன்,
பதினொன்றாவதாக என்னை.

திறமைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் உண்டு.
அதில் நான் கறார்.
ஹைகோர்ட் கிளையில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தும்
கமுதி இருளப்பனுக்குப் பொறுமை தொண்ணூற்றொன்பது.
பதினாறு வருஷம் வாய்தா வாங்கியவர்
ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொடுவாரா?
கோவில்பட்டியிலிருந்து ஓடிவந்து
மூன்றாம் மாடியில் விளக்கணைக்காமல் இருக்கும் ஜோடி ஓப்பனிங்.
ஓட்டத்துக்கு இருவருக்கும் முழு மார்க்.
கேமில் பெண் முகமே கிடையாது,
ஜெயசந்திரிகா மீசையோடுதான் இறங்கினாள்.
எதிரே, நேற்று லாட்ஜ் டவலோடு கிளம்பிவிட்ட அருளானந்து.
வேகம் தொண்ணூறு.
நேர்மைக்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.
எனக்கு பேட்டிங் பன்னிரண்டு போட்டேன்.
பத்து போட்டிருக்கலாம்.

மைதானம் எல்லாமே வெளிநாடு.
இங்கே ஃபேன் காற்றே சுடுகிறது,
அங்கே எல்லோருக்கும் முழுக்கை ஸ்வெட்டர்.
வர்ணனைக்காரர் வாயில் இந்தப் பெயர்கள் நுழையாது.
யார் வந்தாலும் 'பேட்ஸ்மேன்' என்கிறார்,
சங்கிலியைக்கூட.

ஜோடி நாலாவது ஓவரில் ரன் அவுட்,
இருவரும் ஒரே பக்கம் ஓடி.
இருநூற்றேழு முதல் பந்திலேயே போனார்.
மணியும் அதோடு நின்றது; தூங்கியிருக்க வேண்டும்.
இருளப்பன் மட்டும் நின்றார்.
விட்டார், விட்டார், ஒன்று தட்டினார், விட்டார்.
நாலே முக்காலுக்கு ஜெயிக்க மூன்று ரன்.
இருளப்பன் தொண்ணூற்றெட்டு.
மறுமுனையில் கடைசி ஆளாக நான்.

அப்போதுதான் மஞ்சப்பையோடு அவர் மாடியிலிருந்து இறங்கி
சாவியைக் கவுன்ட்டரில் வைத்தார்.
சாவி வைத்தால் பெயர் அந்தப் பக்கம் போக வேண்டும்.
என் சட்டம்தான்.
பில் மெஷின் மெதுவாக அடிக்கும் சார், என்றேன்.
அது மெதுவாகத்தான் அடிக்கும்.
வழக்கு என்னாச்சு?
நேத்தே முடிஞ்சுபோச்சு.
யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

திரையை எட்டிப் பார்த்தார்.
யாரு இது?
நீங்கதான்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.
நான் ஸ்வெட்டரா போட்டிருக்கேன்?

ஆயிரத்து எண்ணூறு கொடுத்தார்.
மிச்சம் இரண்டு ரூபாய், சில்லறை இல்லை.
இருக்கட்டும் என்று
மாட்டுத்தாவணி ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அடுத்த பந்தைத் தேர்ட்மேன் பக்கம் தட்டிவிட்டு
அவர் ஓடி வருகிறார்.
நான் பாதி தூரம் ஓடினேன்,
நின்றேன்,
திரும்பிப் பார்த்தேன்.
கூரையில்லாத அந்த ஊரில்
அதே நாலு பேர் அதே கைகளைத் தூக்குகிறார்கள்.

இருளப்பன் 98 நாட் அவுட்.
பதிவேட்டில் அவர் வரிக்கு நேரே நேரம் எழுதப் பேனாவை எடுத்தேன்.
இருநூற்றேழு மணி அடித்தார்.
விடிந்துவிட்டதாம்.