காலி வாளி

சீரியல் பல்பு நாலாயிரத்து இருநூறு,
தெர்மாகோல் மயில் இரண்டு,
பேரல் முப்பத்தாறு, அதன்மேல் பலகை.
தெப்பம் என்றுதான் நோட்டீஸில் போட்டிருந்தது.
மின்சாரம் ஏறிவிட்டால்
என் கணக்கில் அது படகு.
படகில் தீப்பிடித்தால்
ஓடிவர வாசல் கிடையாது.

காரைக்குடியிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்த சேவுகனிடம்
"கரையில வச்சா என்ன?" என்றேன்.
"வயரு தண்ணியில முங்கும்ணே."
அதுவும் சரிதான்.
பின்கோடியில் வைத்தோம், புகைக்குழாய் வெளியே பார்க்க.
பெட்ரோல் கேன் ஊருணிப் படியிலேயே நின்றுவிட்டது.
செலோடேப் சுற்றிய மூட்டுகளை எல்லாம் பிரித்து
மறுபடி முறுக்கினேன்.
டிரிப்பர் விழுகிறதா என்று
பட்டனை மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன்.
பதினோரு வருஷம் ஜெகதாப்பட்டினத்தில்
விசைப்படகுகளுக்கு வயரிங் செய்த கை.
உப்பு தின்ற செம்பு பச்சையாகும்,
பச்சையான இடம் சுடும்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேதாந்தம்.

எனக்குத் தெரியாமல் ஏறியது ஒன்றுதான்.
அஞ்சு கிலோ சிலிண்டர்.
மேளக்காரர்களுக்குச் சுக்குக் காப்பி போட
அடைக்கப்பன் கொண்டுவந்து
பலகைக்கு அடியில் ஒளித்திருந்தான்.
சாமி முன்னால் அடுப்பு தெரியலாமா?
தெரியாமல் இருக்கத்தானே
சுற்றிலும் உபயதாரர் சிரிக்கிற ஃபிளெக்ஸ்,
பாவாடை மாதிரி.

ஏழு பத்து.
சாமி ஏறியாயிற்று. கரை முழுக்கத் தலை.
காற்றில் அணைந்த விளக்கை ஏற்ற
குருக்கள் தீப்பெட்டியைத் திறந்திருந்தார்.
சேவுகன் கயிற்றை இழுக்கக் குனிந்திருந்தான்.

வாடை முதலில் என் முழங்காலுக்கு வந்தது.
அப்படித்தான் சொல்ல முடியும்.
கீழே கிடக்கிற வாயு அது,
குனிந்தவனுக்குத்தான் தெரியும்.

"கயித்தை விடு!"
"சாமி, குச்சியை உரசாதீங்க!"
டார்ச்சை அணைக்கப்போன பையனிடம்
"அணைக்காதே. எரியிறது எரியட்டும்,
அணைஞ்சது அணைஞ்சே கிடக்கட்டும்."
சுவிட்சுக்குப் போட்டாலும் பொறி, நிறுத்தினாலும் பொறி.
எல்லாரும் இறங்கினார்கள்.
சாமி மட்டும் இறங்கவில்லை.

வால்வைத் திருகி அடைத்தேன்.
ஃபிளெக்ஸைக் கிழித்தேன்,
உபயதாரரின் இடது கன்னத்திலிருந்து
வலது காது வரைக்கும்.
பிறகு பிளாஸ்டிக் வாளியை எடுத்து
இறைக்க ஆரம்பித்தேன்.

"சொட்டுத் தண்ணியில்லாத இடத்துல
என்னத்தடா இறைக்கிறான்?"
கரை சிரித்தது.
முங்கி, முகந்து, ஓரத்துக்கு அப்பால் கொட்டி,
மறுபடி முங்கி.
வாளி போகும்போதும் காலி, வரும்போதும் காலி.

சீனி முகமது இப்படித்தான் இறைத்தான்,
துறைமுகத்தில் ஒரு மத்தியானம்.
நாங்கள் அவனைப் பார்த்துச் சிரித்தோம்.
எட்டு நாள் கழித்துப் பக்கத்துப் படகில்
இறைக்க ஆளில்லை.
பலகை ஒன்று ஐஸ் ஃபேக்டரிக் கூரையில் கிடந்தது.

பினாங்கிலிருந்து வீடியோவில் உபயதாரர்:
"ஏன் இருட்டா இருக்கு? சிக்னல் இல்லையா?"
கரையில் போனைப் பிடித்திருந்த மருமகன்
"ஆமா மாமா, சிக்னல்தான்" என்றான்.

நாற்பத்தேழு நிமிஷம்.
சோப்பு நுரையை ரெகுலேட்டரில் தடவியபோது
ஒரு குமிழ், பொறுமையாக, பெருத்தது.
குழாய் ஓட்டை இல்லை. வாஷர்.
ரெண்டு ரூபாய் வாஷர்.
சிலிண்டரைக் கரையேற்றிய பிறகே
கயிற்றை இழுக்கச் சொன்னேன்.

மயில்கள் எரிந்தன, பச்சையும் நீலமுமாய்.
ஊருணி மூன்று சுற்றுக்கும் மினுங்கியது.
சுக்குக் காப்பி கிடைக்காத நாயனக்காரர்
என்னை முறைத்துக்கொண்டே தோடி வாசித்தார்.

மறுநாள் கூலியில்
ஃபிளெக்ஸுக்கு எண்ணூறு பிடித்தம்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி வாளியைக் கவிழ்க்கத்தான் மனசு வரவில்லை.
படியில் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்திருந்தேன்,
மிச்சம் ஏதும் இருந்தால்
வடியட்டும் என்று.