கட்டளை 11, விதி 14

மூன்றாம் முறையும் மனு திரும்பிவிட்டது.
'எந்த ஆவணம் எனத் தெளிவாகக் குறிப்பிடவும்.'
சிவப்பு மை, சாய்ந்த எழுத்து.

மண்டபம் நண்டுக் கம்பெனியின் எடைப் பேரேடு
என்றுதான் எழுதியிருந்தேன்.
போதாதாம்.

மெர்சிலினைக் கேட்டேன்.
நீல ரெக்சின் அட்டை, வக்கீலம்மா.
முதுகுல சைக்கிள் டியூப் ஒட்டு.
தடை முடிஞ்ச மொத நாளு
பதினாலே முக்கால் கிலோவ
பதிமூணுன்னு எழுதுனான்.
இங்கனதான்னு விரல் வச்சேன்,
நண்டு கடிச்ச விரல்.
அந்தத் தாள் இன்னும் ஒட்டித்தான் கெடக்கும்.

பிரமாணப் பத்திரத்தில்
'எதிர்மனுதாரர் வசம் உள்ளது,
வழக்குக்கு இன்றியமையாதது' வரை வந்துவிட்டேன்.
ரத்தத்தை எந்தப் பத்தியில் வைப்பது?

மனு எண் ஆனது.
எதிர்த்தரப்பு இரண்டு வாய்தா வாங்கிவிட்டுச் சொன்னது:
புயலில் கடல் கொண்டுபோய்விட்டது.

அதைச் சத்தியம் செய்து எழுதித் தரட்டும் என்றார் நீதிபதி.

பின்பெஞ்சிலிருந்து மெர்சிலின்:
அன்னைக்கு என்ன காத்துன்னும்
எழுதச் சொல்லுங்கய்யா.