ஒரே ஒரு குண்டு

நாலு வருஷப் போரில்
எங்கள் பீரங்கி ஒருமுறைதான் வெடித்தது.

ஃப்ரீடவுன் துறைமுக வாயில். மழை இருட்டு.
விளக்கில்லாமல் ஏதோ அசைந்தது.
சைகை விளக்கைச் சிமிட்டினோம். பதிலில்லை.
"தொள்ளாயிரம் கஜம்" என்றேன்.
குண்டைத் திணித்தாயிற்று.
சார்ஜென்ட் கார்க்போ தூக்கிய கையை
இறக்காமலே நின்றார்.
கடற்காற்றில் புகைபோட்ட மீன் வாடை.

"யாம்பாவின் படகு" என்றான் மருந்து சுமக்கும் பொக்காரி.
"எண்ணெய் வாங்க அவனிடம் என்றைக்குக் காசிருந்தது?"

இறுகத் திணித்த குண்டு
வந்த வழியே திரும்பாது.
விடியும்வரை அதற்குக் காவலிருந்தோம்,
பிறகு வெறுங்கடலைச் சுட்டோம்.

செத்து மிதந்த மீனை அள்ள
முதலில் வந்தவன் யாம்பாதான்.
எங்களுக்கும் ஒரு கூடை.
விலை சொன்னான்.

பதிவேட்டில் எழுதினேன்:
எதிரி, இல்லை.
செலவு, குண்டு ஒன்று,
ஷில்லிங் இரண்டு.