முளை இல்லாத கூடாரம்

டச்சுக்குடாவின் மணல்
முளைக்குச்சியைப் பிடித்துவைக்காது.
யோகமலருக்கு அது தெரியும்.
திருக்கைமீன் வடிவில் தைத்த தறப்பாளை விரித்து
எட்டுக் கயிறுகளையும் எங்கள் பக்கம் எறிந்தாள்:
"இருங்கோ, இதுக்கு மேல."

கூடாரம் என்றால் எனக்கு முகாம்.
இலக்கம், வரிசை, வெக்கை.
போகத்தான் நினைத்தேன்.
அதற்குள் கச்சான் எழும்பிவிட்டது.
நான் எழும்பினால்
எதிரே ஐஸ்பழம் விற்கிற முசம்மிலின் தலையில் விழும்;
சுனேத்ராவின் பிள்ளை வேறு உள்ளே தூங்குகிறது.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை.
பாரை விலை. மின்வெட்டு. மரத்துப்போன கால்.
கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான் வந்து
நிழலுக்குள் படுத்தது,
அதற்கு மட்டும் கயிறில்லை.

இருட்டிய பிறகுதான்
முசம்மில் கேட்டார்:
"முதல்ல ஆரு உடுறது?"