முப்பதாம் நாள் அழைப்பு

குவோபியோ மருத்துவமனை, நான்காம் தளம்.
மதியம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
ஜன்னலுக்குக் கீழே ஏரி கல்லாகிக் கிடக்கிறது,
மீனுக்காக யாரோ போட்ட துளைகள்
ராத்திரியே மூடிக்கொண்டு
வட்ட வட்டத் தழும்புகளாய்.

என் வேலை தொலைபேசியில் எண்ணுவது:
நெஞ்சு திறக்கப்பட்டவர்களில்
முப்பதாம் நாள் எத்தனை பேர்
மூச்சோடு இருக்கிறார்கள்.

என்சியோ கார்ப்பினென், ஐம்பத்தெட்டு.
உலோக வால்வு, இரண்டு பைபாஸ்.
அன்றிரவே ரத்தம் நிற்காமல் மறுபடி திறந்தார்கள்.
மூன்றாம் நாள் இதயம் தாளம் தப்பியது.
ஐந்தாம் நாள் செவிலியரைச் செத்துப்போன தம்பியென்று நினைத்து
படகை இழுத்துக் கட்டச் சொல்லிக் கத்தினார்,
மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்தார்.
ஒன்பதாம் நாள்
சிறுநீரகம் மனம் மாறித் திரும்பி வந்தது.

மனைவி எடுக்கிறாள். துய்னே.
இருக்கிறாரா என்று கேட்கக் கூடாது.
எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுக்
காத்திருக்க வேண்டும்.
அவள் பேசவில்லை.
இந்த ஊரில் மௌனம் மரியாதை,
தெரியும், ஆனாலும்
என் பேனா தப்பான கட்டத்தின் மேல் போய் நிற்கிறது.

"கொட்டகையில் இருக்கிறார்" என்கிறாள் கடைசியில்.
"பனி துளைக்கும் கருவியின் முன்னால்.
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதென்றீர்களே,
தூக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்."

காய்ச்சல்? இல்லை.
தையலில் கசிவு? கீழ்முனையில் கொஞ்சம், காய்ந்துவிட்டது.
தூக்கம்?
"அவருக்கென்ன, தூங்குகிறார்.
அந்த வால்வு டிக் டிக்கென்கிறது.
நின்றால் தெரிய வேண்டுமே என்று
நான் விழித்திருக்கிறேன்."

இதற்குக் கட்டம் கிடையாது.

"இன்னொன்று" என்கிறாள்.
"நெஞ்சைத் திறந்து காட்டு என்று
எத்தனையோ சண்டையில் கேட்டிருக்கிறேன்.
முப்பத்தோரு வருஷம், ஒரு சொட்டுக் கண்ணீர் பார்த்ததில்லை.
நேற்று வானிலை அறிக்கைக்கு அழுதார்.
ஏரிப்பனி இன்னும் கெட்டிப்படும் என்றார்கள், அவ்வளவுதான்.
இது சிக்கலா?"

பலருக்கும் வரும், சில வாரம் இருக்கும்,
நீடித்தால் மருந்து உண்டு,
மருத்துவரிடம் சொல்லி வைக்கிறேன் என்கிறேன்.

"சொல்லுங்கள்" என்கிறாள்.
பிறகு, குரலை இறக்கி,
"ஆனால் இந்த வாரமே சரிசெய்துவிடாதீர்கள்."

உயிருடன்: ஆம்.
சிக்கல்கள்: நான்கு.
ஐந்தாவதைப் பென்சிலால் எழுதுகிறேன்.

அடுத்த எண்.
மணி அடிக்கிறது,
அடிக்கிறது.