ரோச் வெளிச்சத்தில் ஒரு சொப்பிரானோ

மின்சாரசபையில் மீற்றர் வாசிக்கிற உத்தியோகம் எனக்கு.
பின்னேரங்களில், கலியாண வீட்டு பாண்டில்,
இரவல் அல்ரோ வாசிப்பு.
இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல்.
சம்பளம்தான் வேறு.

ஆனியில் சீட்டு விழுந்தது,
மூன்று லட்சத்து நாற்பது.
சொந்தமாய் ஒரு சக்ஸபோன், சொப்பிரானோ, என்றேன்.
மெற்றில்டா கூரையைப் பார்த்தாள்.
ஓடு மாற்றவேண்டிய இடத்தில் ஒரு பல்லி.
அது என்னைப் பார்த்தது.
"வாங்குங்கோ" என்றாள் கனநேரத்துக்குப் பிறகு,
"ஆனா பிறகு கழுத்து வளைஞ்சதும் வேணுமெண்டு வரப்படாது."

கஸ்தூரியார் வீதிக் கடையில் தாய்வான் சாமான்.
ஒன்றரை முழம் மஞ்சள் மினுக்கம்.
துடைக்கத் துணி, ஒரு வருட உத்தரவாதம்,
இன்னும் ஒருவருடைய எச்சிலும் படாத பித்தளை.
"ஊதிப் பாருங்கோ அண்ணை,
உங்கட சீவாளியால" என்றாள் துஷ்யந்தி.
ஊதினேன்.
போனில் சுருதிமுள் பச்சையில் ஏறி
அங்கேயே குந்திக்கொண்டது.
கழுவிக் கவிழ்த்த கிளாஸ் போல ஒரு சத்தம்.
விலை குறைக்கக் குறையொன்று தேடினேன்.
அகப்படவில்லை.

பழசு பாசையூரில்.
பிரான்சில் ஏதோ ஞாயிற்றுச் சந்தையில்
நெவில் வாங்கிக்கொண்டு வந்தது.
"ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறு" என்றார்
அடையாள அட்டை இலக்கம் சொல்வது போல.
அவருக்கு ஊதத் தெரியாது.
"பாக்க வடிவாய் இருந்தது தம்பி, அவ்வளவுதான்."
பூச்சு உதிர்ந்து கருவாட்டு நிறம்.
வந்த இரண்டு வருடத்தில் கடல்காற்று
சாவி இடுக்கெல்லாம் பச்சை பூசியிருந்தது.
இரண்டு லட்சம். பேசலாம்.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
நான்தான் நிறுத்தியது போல
நெவில் என்னைப் பார்த்தார்.
"நல்லதாய்ப் போச்சு" என்றேன்.
சின்ன ரோச் ஒன்றை நூலில் கட்டிக் குழலுக்குள் இறக்கி
சாவி அத்தனையும் மூடிப் பிடித்தேன்.
காற்றுப் போகாத இடத்தால்
வெளிச்சமும் போகாது.
மூன்று இடத்தால் போனது.
வலது சுண்டுவிரலடியில் போனதுதான் பெரிசு,
நெவிலின் பெனியனில் ஒரு பொட்டு.

கீழ்ச்சுரங்கள் வரவில்லை, இருமல் வந்தது.
மேலே போகப் போக முள் சிவப்புக்குள் ஓடியது.
ஆனால் நடுவில்,
இடக்கை மூன்று விரலும் வைத்தால் வருகிற அந்த ஒன்று,
நாவற்பழம் தின்ற நாக்குப் போல
கறையோடு வெளியே வந்தது.
கொட்டிலுக்குள் படுத்திருந்த நாய் எழும்பி
வாசல்வரை வந்து நின்றது.
"இது இதுக்குள்ளயா கிடந்தது?" என்றார் நெவில்.

இரண்டு கிழமை நித்திரையில்லை.
பஞ்சுத்தட்டு மாற்றக் கொட்டாஞ்சேனையில் ஒரே ஒரு ஆள்,
நாலு மாத வரிசை, எழுபத்தைந்தாயிரம்.
புதுசு மூன்று முப்பத்தைந்து,
மிச்சம் ஐயாயிரத்துக்கு ஓடு.
மின் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி வெட்டி எழுதி
கணக்குப் பாராத நேரமெல்லாம்
அந்தச் சுரம்.

ஆவணி முகூர்த்தங்கள் வாசலில் நின்றன.
எனக்கு நாற்பத்துநாலு வயது.
ஒன்றுக்காக மற்ற முப்பதோடும் மல்லுக்கட்டவேணும்.
நூறு வருடமாய் யார் யாரோ விட்ட பிழைக்கு
நான் ஏன் உதட்டை வளைக்க?
என் பிழை எனக்குக் காணும்.

புதுசை வாங்கினேன்.
முதல் இரவே முள் சிவப்பில் ஆடியது,
கடையில் ஆடாத முள்.
"சாமானில பிழையில்லை, என்ன?" என்றாள் மெற்றில்டா,
பழைய ஓட்டைத் தூக்கி வெளியே வைத்தபடி.

மாசி. பாசையூர்ச் சுற்று.
நெவிலின் மீற்றர் வாசலுக்கு வலப்பக்கம்.
யன்னல் கம்பியில் நூலில் தொங்கியது ஒரு ரோச்.
உள்ளே யாரோ
அந்தச் சுரத்தை, அது ஒன்றை மட்டும்,
பிடித்து விட்டுப் பிடித்து
மூச்சு வாங்கி.
நாய் என்னைக் கண்டு குரைக்கவில்லை.
நான் என் வாசிப்பை எழுதினேன்,
சுழியம் நாலு நாலு ஒன்று ஏழு.
அவர் தன்னுடையதைத்
திரும்பத் தொடங்கினார்.