இதர

கானாடுகாத்தானில் பழைய அரண்மனை வீடொன்று
இப்போது இருபது அறை விடுதி.
அதில் நான் கணக்கெழுதுகிறேன்.
மாசிக் கடைசியில் மூன்று நாள்
வீட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள்.

முன்வாசலில் இறங்கியது எண்ணெய் விற்கிற நாடு.
அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசலில்
எண்ணெய் வாங்குகிற நாடு.
பக்கவாட்டுக் கதவில், பெட்டியை உருட்டிக்கொண்டு,
உதவி செய்கிற நிறுவனம்.
மதுரை விமான நிலையத்திலிருந்து
எல்லாரும் ஒரே வண்டியில்தான் வந்தார்கள்
என்றான் டிரைவர் பாண்டித்துரை.
திருமயம் தாண்டித்தான் பிரிந்தார்களாம்.

தண்ணீர் வைக்கப் போன செல்லக்கண்ணு
அடுப்படிக்குத் திரும்பி வந்து கேட்டான்:
"ஒரு பேரல்னா எத்தனை டின்னுண்ணே?"
நூற்றைம்பத்தொன்பது லிட்டர்.
பதினைந்தால் வகுத்துச் சொன்னேன்,
பத்தரைக்குக் கொஞ்சம் மேல்.
"அம்புட்டுத்தானா? ஒரு கல்யாணத்துக்கு ஓடிருமே."
நாளைக்கு இரண்டு லட்சம் பேரல்,
பத்து வருஷத்துக்கு, என்று
அவன் காதில் விழுந்திருந்தது.
வெங்காயக் கூடை மேல் உட்கார்ந்தான்.
"யாரு வீட்டுக் கல்யாணம்ணே?"

நான்காம் நாள் மேனேஜர் வயிரவன்
பில்லைத் திருப்பிக் கொடுத்தார்.
விருந்து என்று எழுதக் கூடாது.
'ஊரணி மீட்பு: வறட்சிப் பயிற்சி முகாம்.
பயனாளிகள் நூற்றிருபது.'
பயனாளிகள் எங்கே என்றேன்.
"சாப்பிட்டவுக எல்லாம் பயனாளிதானப்பா."

காடை வறுவல், கள ஆய்வு ஆனது.
நண்டு, நீர்நிலைக் கணக்கெடுப்பு.
ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உடைத்த பாட்டில்களைக்
கலந்தாய்வில் சேர்த்தேன்.
எதற்குள்ளும் அடங்காதது
இதர.
மூன்றெழுத்து.
அதற்குள் பதினேழு லட்சம்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று யார் சொன்னது?
தண்ணீருக்கென்று யாரோ கொடுத்த பணம்,
எண்ணெய்க்குப் போட்ட பந்தி.
என் பேரேட்டில்
ஒரே வரியில் நிற்கின்றன.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
சலவைக்குப் போன கைத்துண்டுகளை எண்ணினேன்,
நூற்றுப் பதினான்கு.
ஒன்றிலும் கறையில்லை.
என் மகளின் ஸ்கூட்டருக்குக் கட்டிய முன்பணமும்
அந்த மூன்றெழுத்துக்குள்தான் இருக்கிறது.
ஒளிக்கவில்லை. கூட்டிப் பார்த்தால் வரும்.

செங்கானூரணிக்கு என்று வந்தது பலகை ஒன்றுதான்.
'ஊரனி' என்று அடித்திருந்தது.
அதையாவது நட்டுவிடலாம் என்று
பாண்டித்துரையும் நானும் போனோம்.
கரையில் கடப்பாரை இறங்கவில்லை,
அவ்வளவு காய்ச்சல்.
ஆடு மேய்த்த பையன் சிரித்தான்.
திருப்பிக் கொண்டுவந்து ஸ்டோரில் போட்டோம்.
நல்லெண்ணெய் டின்களுக்கு அடியில்
ஒழுகுவதைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

ஐப்பசியில் தணிக்கை.
வெளிநாட்டுக்காரர் வருவார் என்று பார்த்தால்
தேவகோட்டைப் பெண், பெயர் உமையாள்,
நனைந்த குடையோடு வந்தாள்.
தாளைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தாள்.
"இதரன்னா?"
மற்றவை, என்றேன்.
"எதுக்கு மற்றவை?"

பலகையைக் காட்டச் சொன்னாள்.
செல்லக்கண்ணு டின்களை இறக்கித் துடைத்தான்.
எட்டு மாத எண்ணெய்,
கண்ணாடி மாதிரி மின்னியது.
அவள் ஒரு விரலால் தடவி
முகர்ந்து பார்த்தாள்.
"நல்லெண்ணெயா?"
ஆமாம்.
என்னவோ எழுதினாள்.
தலைகீழாக என்னால் படிக்க முடியவில்லை.

வயிரவன் இலை போடச் சொன்னார்.
சாப்பிட்டாள். ரசம் இரண்டாம் தடவை கேட்டாள்.
எழுந்து கை கழுவி
எண்ணூற்று நாற்பது ரூபாயை எண்ணி வைத்து
ரசீது கேட்டாள்.

மூன்று வருஷமாக அந்தக் கணக்கில்
சாப்பிட்டவர் யாரும் காசு கொடுத்ததில்லை.
வரவுப் பக்கம் அதற்குத் தலைப்பே கிடையாது.
மழை விட்டு அவள் பஸ் ஏறிப் போன பிறகும்
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதர, என்று எழுதினேன்.